வெள்ளத்துக்க வழி

நான் வரைந்து கொடுத்த தியானக் கூடத்தில் முதலில் வந்து உட்கார்ந்தது தண்ணீர்தான்.

2021 நவம்பர். கன்னியாகுமரி மாவட்டம் முழுக்க விடாமல் மழை கொட்டிய வாரம். காலை ஆறு மணிக்கு டீச்சர் போன் செய்தார். "பிள்ளே, கூடத்துக்குள்ள வெள்ளம் கெடக்கு." எங்கள் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கும் வெள்ளம் என்றுதான் பெயர். தம்ளரில் கொடுத்தாலும் வெள்ளம், குளத்தில் கிடந்தாலும் வெள்ளம். அதனால் நான் பதறவில்லை. ஓட்டு இடுக்கில் எங்கோ ஒழுகியிருக்கும், துடைத்து விடலாம் என்று நினைத்துக்கொண்டு, "எவ்வளவு டீச்சர்?" என்று கேட்டேன்.

"பாயி மிதக்குது."

கூடம் திறந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்குளம் தாலுகாவில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பொற்றை. மலை என்று சொல்லக் கூச்சமாக இருக்கிற அளவுக்குச் சின்னப் பாறைக்குன்றுக்கு இங்கே அப்படிப் பெயர். ஊருக்கு ஒன்றிரண்டு உண்டு. டீச்சருக்கு அங்கே 70 சென்ட். அதில் பாதி வெறும் பாறை. ரப்பர் வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, விற்றால் குவாரிக்காரர்கள் மட்டும்தான் வாங்குவார்கள். அவர்களும் வந்து கேட்டிருக்கிறார்கள், நல்ல விலைக்கே. பள்ளியில் 31 வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த மறுவருஷம் என்னைக் கூப்பிட்டார்.

"சாமி படம் வேண்டாம், சிலுவை வேண்டாம், பேரு எழுதின கல்லு வேண்டாம். யாரு வந்தாலும் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டுப் போணும். பாறைய தொடப்பிடாது."

இவ்வளவுதான் அவர் கேட்டது. கட்டடக் கலைஞருக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார் என்று அன்றைக்குத் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். 'பாறையைத் தொடக்கூடாது' என்பதை நான் எவ்வளவு லேசாக எடுத்துக்கொண்டேன் என்பது பின்னால்தான் தெரிந்தது.

முதலில் படங்கள் காட்டினேன். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 1969-இல் திறந்த டெம்பெலியவுகியோ தேவாலயம்: பாறையைக் குடைந்து, குடைந்த சுவரைக் கரடுமுரடாக அப்படியே விட்டு, மேலே செம்பில் ஒரு கவிகை. இலங்கையில் தம்புள்ளைக்குப் பக்கத்தில் ஜெஃப்ரி பாவா கட்டிய கண்டலம ஹோட்டல்: மலைச்சரிவைத் தோண்டாமல், தூண்களின்மேல் தூக்கி நிறுத்திய கட்டடம். டீச்சர் ஹெல்சிங்கிப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அங்க மழ உண்டா பிள்ளே?"

"பனிதான் அதிகம் டீச்சர்."

"ம்" என்றார். அந்த 'ம்'மில் இருந்ததை நான் கேட்டிருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் வந்து அடிக்கிற மாவட்டம் இது. தமிழ்நாட்டின் மற்றப் பெரும்பாலான ஊர்களில் ஒரு மழைக்காலத்துக்குக் கட்டினால் போதும். இங்கே இரண்டுக்குக் கட்ட வேண்டும்.

அளவெடுக்கப் போனது மார்ச் மாதத்தில். தவறு அங்கேதான் ஆரம்பம். மார்ச் மாதத்துப் பாறை காய்ந்து, வெளுத்து, போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நிற்கும். இரண்டு நாள் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி வைத்து ஒவ்வொரு மேடும் பள்ளமும் குறித்தோம். பாறையின் மேலிருந்து கீழ்வரை கறுப்பு மை ஊற்றி வழியவிட்டதுபோல வரிகள் ஓடின, மூன்று பெரியது, ஏழெட்டுச் சின்னது. எனக்கு அவை ரொம்பப் பிடித்துப்போயின. வரைபடத்தில் அவற்றைத் தனியாக, மென்மையான பென்சிலில் போட்டேன். டீச்சரிடம் காட்டியபோது "இதுதான் இந்த இடத்தின் ஓவியம்" என்று ஏதோ பேசிய ஞாபகம். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அந்த மூன்று பெரிய வரிகளுக்கும் குறுக்காகத்தான் என் சுவர் போனது.

கல்வேலைக்கு வந்தவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. ஊரே பாட்டா என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். முதல் நாள் வேலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பாறைமேல் ஏறித் தட்டிக்கொண்டே நடந்தார். இரண்டடிக்கு ஒரு தட்டு. சில இடத்தில் 'டிங்' என்று வெண்கலம்போலக் கேட்கும். சில இடத்தில் தேங்காய் ஓட்டைத் தட்டினதுபோல 'டொப்'. டொப் கேட்ட இடத்திலெல்லாம் கரிக்கட்டியால் ஒரு சுழி போட்டார். எங்கள் பாறைகளில் பெரும்பகுதி சார்னோக்கைட், நைஸ் என்ற கடினக் கல் வகைகள். 50 கோடி ஆண்டுக்கும் முந்தியவை. அவை வெங்காயம்போலத் தோல் உரியும். வெயிலில் விரிந்து, மழையில் சட்டென்று குளிர்ந்து, பரப்புக்கு இணையாக ஒரு தகடு பிரியும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே இடைவெளி விழுந்திருக்கும். அதன்மேல் தூண் நிறுத்தினால் ஒருநாள் தகடோடு சேர்ந்து சரியும். சிற்ப சாஸ்திரத்தில் கல்லை ஓசையால் ஆண், பெண், அலி என்று மூன்றாகப் பிரிப்பதைப் படித்திருக்கிறேன். பாட்டாவுக்கு இரண்டே வகைதான். உயிருள்ளது, உயிரில்லாதது.

(சார்னோக்கைட் என்ற பெயரே ஒரு வேடிக்கை. கல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் நம்ம சென்னைப் பல்லாவரத்துக் கல். அந்தக் கல்லறையை வைத்து 1893-இல் ஹாலண்ட் என்ற புவியியலாளர் பாறைக்குப் பெயர் வைத்துவிட்டார். நாம் அம்மி கொத்திய கல்லுக்கு ஒரு கம்பெனிக்காரன் பெயர்.)

தட்டி முடித்துக் கீழே வந்த பாட்டா என் வரைபடத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு நேராகப் பிடித்தார்.

"மக்ளே, இந்த கறுத்த வரியெல்லாம் வெள்ளத்துக்க வழியாக்கும். இதுக்குக் குறுக்க செவரு கெட்டப்பிடாது."

"வாட்டர்ப்ரூஃபிங் பண்ணிரலாம் பாட்டா."

"செரி" என்றார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "நமக்கென்ன, கூலி ஒண்ணுதானே."

மழை ஓடும் இடத்தில்தான் பாறைமேல் நீலப்பச்சைப் பாசி பிடிக்கும், வெயிலில் அதுதான் காய்ந்து கறுப்பாகும். மார்ச்சில் மையாகத் தெரிவது நவம்பரில் ஓடையாகும். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமில்லை, கல்லூரியில் பரீட்சைக்கு எழுதியதுதான். எதிரில் கிடந்தபோது படிக்கத் தெரியவில்லை.

இதில் இன்னொரு கூத்து உண்டு. வெயிலை நான் நிமிடக் கணக்கில் கணித்திருந்தேன். கன்னியாகுமரி காந்தி மண்டபத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளை நான். 1956-இல் கட்டியது. அக்டோபர் 2 நண்பகலில் கூரையிலுள்ள துளை வழியாக வெயில் இறங்கி, காந்தியின் அஸ்திக் கலசம் வைத்திருந்த பீடத்தில் விழும். பள்ளியில் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். நான் கட்டடக்கலை படிக்கப் போனதற்கு அந்த ஒரு வெளிச்சத்துண்டும் ஒரு காரணம். அதனால் டீச்சரின் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு வைத்தேன். டீச்சரின் கணவர் இறந்த நாளன்று காலை பத்தரைக்கு அதன் வெளிச்சம் தரையில் ஒரு குறிப்பிட்ட கல்லில் விழும்படி. சூரியன் ஒரே பாதையில் வருஷத்துக்கு இரண்டு முறை போகும் என்பதால், அதே வெளிச்சம் இன்னொரு தேதியிலும் அதே கல்லில் விழும். அதை நான் டீச்சரிடம் சொல்லவில்லை. கணக்கு டீச்சர், அவருக்கே தெரிந்திருக்கும்.

வெயிலின் வழிக்கு இத்தனை கணக்கு. மழைக்கு ஒரு வரி வைத்திருந்தேன், மதிப்பீட்டுத் தாளின் கடைசியில்: 'வாட்டர்ப்ரூஃபிங், மொத்தமாக.'

நல்லதாக நடந்ததையும் சொல்ல வேண்டும். சுவரின் அடிக்கல் வைத்த விதம் அப்படி ஒன்று. பாறையைச் சமமாக வெட்டி அதன்மேல் சுவர் எழுப்புவதுதான் வழக்கம். வெடிவைத்துப் பொட்டித்து எடுத்தால் இரண்டு நாள் வேலை. டீச்சர் பாறையைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்ததால், பாறைக்கு ஏற்றபடி கல்லை வெட்ட வேண்டியதாயிற்று. பாட்டா செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்துப் பாறையில் பூசுவார். அடிக்கல்லை இரண்டு பேர் தூக்கி அதன்மேல் மெதுவாக இறக்குவார்கள். உடனே தூக்கிக் கவிழ்ப்பார்கள். கல்லின் அடியில் எங்கெல்லாம் செம்மண் ஒட்டியிருக்கிறதோ அது இடிக்கிற இடம். உளியால் அதை மட்டும் கொத்துவார். மறுபடி பூசுவது, இறக்குவது, கவிழ்ப்பது. முதல் தடவை மூன்று புள்ளி ஒட்டும், அடுத்தது பத்து, பிறகு இருபது. கடைசியில் கல்லின் அடி முழுக்கச் சீராகச் சிவந்து வரும். அப்போதுதான் "உக்காந்தாச்சு" என்பார். ஒரு நாளைக்கு மூன்று கல், நான்கானால் அதிசயம். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் எனக்குப் போனை எடுக்கவே தோன்றவில்லை.

ஆனால் அந்தச் சுவர் எவ்வளவு அழகாக உட்கார்ந்ததோ அவ்வளவு அழகாக வெள்ளத்தையும் மறித்தது. போதாததற்கு, உள்ளே ஆட்கள் சம்மணம் போட்டு உட்கார வசதியாக இருக்கட்டும் என்று சரிந்த பாறைத் தரையின்மேல் காங்கிரீட் போட்டு மட்டப்படுத்தியிருந்தேன். தாழ்ந்த ஓரத்தில் ஒன்றரை அடி உயரம். பாறையைத் தொடக்கூடாது என்பதை வெட்டக்கூடாது என்று மட்டும் புரிந்துகொண்டு, மூடலாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கணக்கு எளிது. ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். கூடத்துக்கு மேலே சாயும் பாறை சுமார் 400 சதுர மீட்டர். மண்ணாக இருந்தால் பாதியாவது குடிக்கும். பாறை குடிக்காது. 50 மில்லிமீட்டர் பெய்தால் 20,000 லிட்டர், இரண்டு டேங்கர் லாரி, என் சுவருக்குப் பின்னால் வந்து நிற்கும். நின்றது. கல்லிடுக்கு வழியாக நுழைந்து, காங்கிரீட்டுக்கு அடியில் புகுந்து, மேலே பொங்கியது.

ஒரு கம்பெனியைக் கூட்டி வந்தேன். சுவருக்குப் பின்பக்கம் கறுப்பு ரப்பர் மாதிரி ஏதோ ஒட்டினார்கள். 48,000 ரூபாய், பத்து வருஷம் கேரண்டி அட்டை. வெயிலில் பாறை சூடேறியதும் அது ஓரம் ஓரமாகச் சுருண்டு வந்தது. அடுத்த ஐப்பசியில் மறுபடி பாய் மிதந்தது. கேரண்டி அட்டையிலிருந்த நம்பரை இப்போதும் சில சமயம் அழைத்துப் பார்ப்பேன், பாட்டு மட்டும் கேட்கும்.

அந்த ஐப்பசியில்தான், 2022-இல், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு நாள் பாட்டாவைக் காரில் ஏற்றிக்கொண்டு சிதறால் போனேன். மார்த்தாண்டத்திலிருந்து பக்கம்தான். ஏற்கெனவே பத்துத் தடவையாவது போயிருப்பேன், எல்லாம் நல்ல வெயில் நாளில்.

போகாதவர்களுக்காக: திருச்சாணத்துமலை என்று பெயர். 9-ஆம் நூற்றாண்டில் சமணர்கள் தங்கிய இடம். ஆய் மன்னன் விக்கிரமாதித்ய வரகுணன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு உண்டு. குரத்தி என்று அழைக்கப்பட்ட பெண் துறவிகளின் பெயரும் அங்கே வருகிறது. கொல்லாமாவும் (முந்திரி) தென்னையுமாகக் கிடக்கிற சரிவில் கல் பாவிய வழியாக ஏறிப் போனால், உச்சி வரும்வரை கோவில் என்று ஒன்று கண்ணில் படாது. இரண்டு பாறைக்கு நடுவில் ஓர் ஆள் நுழைகிற இடைவெளி. அதைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கினால் பாறைச் சுவரில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்களும் இயக்கியரும். பாம்புப் படம் விரித்த பார்சுவநாதர், அம்பிகா, பத்மாவதி. அதற்கப்பால் ஒரு பெரும்பாறை முன்னால் நீண்டு கூரையாகக் கவிந்திருக்கிறது. துறவிகள் அதன் அடியில் இருந்திருக்கிறார்கள். பிற்காலத்தில் அது பகவதி கோவிலாகி, பாறைக் கூரைக்கு முன்னால் தூண் வைத்து மண்டபம் சேர்த்திருக்கிறார்கள். அதுவும் தலைகுனிந்து, பாறைக்கு அடங்கித்தான் நிற்கிறது. பாறையின் தலைமேல் செங்கல்லில் கட்டிய கோபுரம் ஒன்றுதான் சிதைந்து கிடக்கிறது. மேலே ஏற்றி வைத்தது போய்விட்டது, அடியில் ஒதுங்கியது ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இருக்கிறது.

மதுரையைச் சுற்றியுள்ள சமணர் குகைகளைப் பற்றிப் படிக்கும்போது ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: காடி. குகையின் நெற்றிப் பாறையில், குறுக்கே நீளமாக ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். மேலிருந்து வழிந்து வரும் மழைநீர் பாறையின் வளைவை ஒட்டியே உள்ளே வரப் பார்க்கும். அந்த வெட்டில் தடுக்கிச் சொட்டி வெளியே விழும். துறவிகளுக்குக் கல்படுக்கை செதுக்குவதற்கு முன்னால் யாரோ ஒருவர் மழையில் நின்று, நீர் எந்த வழியாக வருகிறது என்று பார்த்திருக்கிறார். மழைக்காலத்துக்குத் துறவிகள் ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்பது சமண விதி. அதாவது, அந்தக் கட்டடத்தின் வேலையே மழைதான். தியானம் அதற்குப் பிறகு வருவது. நான் தலைகீழாக ஆரம்பித்திருந்தேன்.

சிதறாலில் பாட்டா சிற்பங்களைப் பார்க்கவே இல்லை. சாரலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கவிந்த பாறையின் விளிம்பையும், விளிம்பிலிருந்து நீர் சொட்டுகிற தரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கீழே பாறைக்கு நடுவிலுள்ள குளத்தைக் காட்டி, "எல்லாம் அங்கதான் போவுது" என்றார். அவ்வளவுதான். வரும் வழியில் மார்த்தாண்டத்தில் சாயா குடித்தோம். காசை அவரே கொடுத்தார்.

2023 தை முடிந்ததும் உடைக்க ஆரம்பித்தோம். கம்ப்ரஸர் வேண்டாம், அதிர்வில் பாறைத் தகடு பிரியும் என்று கையாலேயே. மட்டப்படுத்திய காங்கிரீட் முழுவதும் போனது, அடியில் பாறை ஈரமாக, புழுங்கிக் கிடந்தது. கழுவி விட்டபோது ஊசிமுனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் மின்னின. கார்னெட். கன்னியாகுமரிக் கடற்கரையில் சிவப்பாகக் கிடக்கிற மணலும் இதுதான், மலையிலிருந்து அரைபட்டுக் கடலுக்குப் போனது. இதைப் போய் நான் சிமெண்டால் மூடியிருந்தேன். ஒரு காலத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் இருப்பதுபோல, சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துக் கண்ணாடிமாதிரி கறுப்புத் தளம் போடலாமா என்றுகூட யோசித்தேன். "முட்டைக்க வெல தெரியுமா மக்ளே?" என்று பாட்டா கேட்டதில் அது நின்றது.

மேல்சுவரில் கறுப்பு வரி வந்து முட்டுகிற மூன்று இடத்திலும் அடிக்கல்லை எடுத்தோம். செம்மண் பூசிப் பூசி இருத்திய கற்கள், எடுக்கும்போது பாட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீழ்ச்சுவரிலும் மூன்று வாய். இடையில் பாறையே போட்டு வைத்திருக்கிற பள்ளத்தை ஒட்டி, நாலு விரல் அகலத்தில் காடி. பாறையை இரண்டு இடத்தில் மட்டும், மொத்தம் ஒரு முழ நீளத்துக்கு, தொட வேண்டியிருந்தது. டீச்சரிடம் அனுமதி கேட்டேன். "வெள்ளத்துக்காவ தொட்டா செரிதான்" என்றார்.

இப்போது மழை பெய்தால் தண்ணீர் கூடத்துக்குள் வரும், உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே ஓடும், வெளியே போகும். கேட்க அழகாக இருக்கிறதல்லவா? ஒரு பத்திரிகைக்காரர் வந்து, 'நீரோட்டத்தை உள்ளிழுத்த வடிவமைப்பு' என்று எழுதக் கிளம்பினார். அது வடிவமைப்பு இல்லை, பிழைதிருத்தம் என்று சொன்னேன். சிரித்தார். காடிக்குப் பக்கத்தில் பாசி பிடித்து வழுக்குகிறது, வாரம் ஒருமுறை தேங்காய்ச் சவுரி வைத்துத் தேய்க்க வேண்டும். தவளை வருகிறது. தரை சரிவாக இருப்பதால் சம்மணம் போட முடியாதவர்களுக்கு, ஒரு பக்கம் கால் நீளமாகவும் ஒரு பக்கம் குட்டையாகவும் அயனிப் பலகையில் மணைகள் செய்தோம். அதைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து உருண்டவர்களும் உண்டு.

கன்னியாகுமரியில் கட்டடம் பற்றிப் பேசிவிட்டு விவேகானந்தர் பாறையை விட்டால் சண்டைக்கு வருவார்கள். 1892 டிசம்பரில் விவேகானந்தர் அதில் மூன்று நாள் இருந்தபோது அங்கே கூரை கிடையாது. நினைவாலயம் கட்டும் பேச்சு வந்தபோது, பாறையின் இயற்கை அழகு கெடும் என்று மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர் எதிர்த்தார். முதலமைச்சர் பக்தவத்சலம் 15 அடிக்கு 15 அடியில் சின்னதாக ஒன்று போதும் என்றார். நினைவாலய வேலையை முன்னின்று நடத்திய ஏக்நாத் ரானடே 323 நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் ஆதரவுக் கையெழுத்து வாங்கி வந்தார். 130 அடிக்கு 56 அடியில், எஸ்.கே. ஆச்சாரி ஸ்தபதியாக இருந்து முடித்த மண்டபத்தை 1970 செப்டம்பர் 2-ஆம் தேதி குடியரசுத் தலைவர் வி.வி. கிரி திறந்து வைத்தார். மாணவியாக இருந்தபோது நான் முழுக்க ஹுமாயூன் கபீர் கட்சி. சுற்றிலும் கடல் இருக்கிற இடத்தில் கடலை மறைத்து ஓர் இருட்டறை எதற்கு என்று ஆவேசமாக ஒரு கட்டுரைகூட எழுதினேன். இப்போது அவ்வளவு உறுதி இல்லை. அந்தக் காற்றிலும் அலைச் சத்தத்திலும் பத்து நிமிஷம் நின்றுவிட்டுத் தியான மண்டபத்துக்குள் போனால், கண்ணும் காதும் ஆறுவது உண்மை. கட்டடம் பாறையோடு சேரவில்லைதான். ஆனால் ஆளைச் சேர்த்துக்கொள்கிறது. இரண்டில் எது பெரிது என்று கேட்டால், நாளைப் பொறுத்து என் பதில் மாறும். வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையே 2024 டிசம்பர் 30-இல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் போனபோது ஒன்று கவனித்தேன். வள்ளுவரையும் மண்டபத்தையும் விட்டுவிட்டு எல்லோரும் காலுக்குக் கீழேதான் பார்க்கிறார்கள். இத்தனை வருஷத்தில் அந்தக் கடலடிப் பாறைகளைக் கூட்டமாக நின்று பார்த்தது இப்போதுதான்.

'இயற்கையோடு இழைந்த' என்று விளம்பரம் செய்கிற ரிசார்ட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. முதலில் பாறையை வெடிவைத்துத் தகர்க்கிறார்கள், பிறகு அதே நிறத்தில் கல் மாதிரி டைல் வாங்கி ஒட்டுகிறார்கள்.

ஆனால் நான் யோக்கியம் பேசவும் கூடாது. பாறைக்கு மரியாதை என்று கட்டிய இந்தக் கூடத்துக்குக் கல் எங்கிருந்து வந்தது? முடிந்தவரை பழைய கல்: இடித்த மாட்டுத்தொழுவம், ஒரு பழைய வீட்டின் அஸ்திவாரம், கையாலை என்கிற எல்லைச் சுவரிலிருந்து சரிந்தவை. ஆனாலும் வாசல் நிலைமேல் வைக்கிற ஆறு நீளப் பாளங்கள் பழசில் கிடைக்கவில்லை. குவாரியில்தான் வாங்கினேன். ஒரு கன மீட்டர் கருங்கல் 2.7 டன் வரை வரும். லாரி ஏறி வந்தபோது பாளங்களில், பாறையைப் பிளக்க ஆப்பு அடித்த குழிகளின் பாதி வரிசையாகத் தெரிந்தன. அதைத் தேய்த்து எடுத்துவிடலாமா என்று பாட்டா கேட்டார். வேண்டாம் என்றேன். எந்தக் குன்றின் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. அந்தக் குழிகள் இப்போதும் நிலைக்கு மேலே, உள்ளே நுழைகிறவர்களின் கண்ணுக்கு நேராக இருக்கின்றன. எறப்பு, அதாவது கூரையின் விளிம்பு, ஐந்தரை அடிதான், உயரமானவர்கள் குனியாமல் நுழைய முடியாது.

உள்ளே என்ன வைப்பது என்று நீண்ட பேச்சு நடந்தது. ஒன்றுமே இல்லாவிட்டால் மக்கள் எங்கே பார்ப்பார்கள் என்று எனக்குக் கவலை. டீச்சர் சாமித்தோப்பைச் சொன்னார். அங்கே, அய்யா வைகுண்டரைப் பின்பற்றுகிற அய்யாவழிக்காரர்களின் பதியில், அதாவது கோவிலில், சிலை இல்லை, கண்ணாடி. எதிரில் நின்றால் நம்மையே பார்க்கிறோம். "அத விடப் பெரிசா நீ என்ன பிள்ளே வரையப் போற?" என்றார். கண்ணாடி வைக்கவில்லை. அது அவர்களுடையது, எடுத்துக்கொள்வது முறையில்லை. மேல்சுவரை இரண்டரை அடியோடு நிறுத்தி, அதற்குமேல் நீளவாக்கில் திறந்து விட்டோம். உட்கார்ந்தால் அந்தத் திறப்பில் பாறைச் சரிவு மட்டும் தெரியும், வானம் தெரியாது. கறுப்பு வரி மூன்றும் நம்மை நோக்கி இறங்கி வரும். மழைக்காலத்தில் அவை மினுங்கும், அப்புறம் அசையும், அப்புறம் காலடியில் சத்தம் கேட்கும்.

வெப்பத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். பகல் முழுக்க வாங்கிய வெயிலைப் பாறை சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும். ஆட்கள் வருவதும் சாயங்காலம்தான். பங்குனி, சித்திரையில் ஆறு மணிக்கு உள்ளே இருந்தால் அடுப்படியில் இருக்கிற மாதிரி. பாறை இடுக்கில் வேரோடியிருந்த கல்லால மரம் ஒன்று இருந்தது, வளர்ந்தால் சுவரைப் பிளக்கும் என்று வெட்டச் சொன்னார்கள். கல்லால மரத்தடியில்தான் தட்சிணாமூர்த்தி வாய் திறக்காமல் பாடம் சொன்னார், அதை வெட்டிவிட்டு மௌனக் கூடமா என்று டீச்சர் தடுத்துவிட்டார். சுவரை இரண்டடி வளைத்தோம். நிழல் இப்போதுதான் ஓடுவரை வந்திருக்கிறது. இன்னும் பத்து வருஷத்தில் வெப்பம் குறையும், அதே பத்து வருஷத்தில் சுவரும் பிளக்கலாம்.

யார் வருகிறார்கள்? ரப்பர் வெட்டிவிட்டுப் பத்து மணிக்கு இருவர், அரைமணி நேரம் படுத்துவிட்டுப் போவார்கள். பரீட்சை நேரத்தில் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒரு பாட்டி, ஜெபமாலையோடு. கல்யாணத்துக்கு முந்தின போட்டோ எடுக்க வந்த ஒரு ஜோடி, வெளியே நின்று பார்த்தால் கட்டடமே தெரியவில்லை என்று குறைபட்டுத் திரும்பினார்கள். எனக்குக் கிடைத்த ஒரே விருது அதுதான். பாட்டா கூடத்துக்குள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வந்தால் கீழ்ச்சுவரின் வெளியே, நீர் வெளியேறும் வாய்ப் பக்கம் குந்தி இருப்பார். எதையாவது குச்சியால் குத்திச் சுத்தம் செய்துகொண்டிருப்பார்.

போன வாரம் டீச்சர் போன். மழை இல்லை, குரங்கு. கூரையில் குதித்து 17 ஓடுகளை உடைத்திருக்கின்றன, எண்ணி வைத்திருக்கிறார். அதில் கண்ணாடி ஓடும் ஒன்று. நினைவு நாளுக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது. மார்த்தாண்டத்தில் அந்த அளவில் கண்ணாடி ஓடு இப்போது கிடைப்பதில்லை. தக்கலையில் ஒரு பழைய சாமான் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், கடைக்காரர் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்.